பயமில்லாமல் கணக்குப் பரீட்சை: மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்கு முன்னால் கூப்பிட்டு, நிற்கவைத்துக் கேள்வி கேட்பேன். முந்தின நாள் சிலேட்டில் மடமடவென்று போட்ட பையன், அன்றைக்குச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பான். கணக்கு தெரியாமல் இல்லை. முதுகுக்குப் பின்னால் மொத்த வகுப்பும் பார்க்கிறதே!

2012-13இல் தமிழ்நாட்டில், பள்ளி ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, நூறில் 40 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கினார்கள். பாடம் நடக்கும்போதே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காக வந்தது அது. அதையும் நாமே குட்டிப் பரீட்சையாக்கிவிட்டோம். இனி நான் செய்கிற விதம்.

1. இடம்
மேசையை விடுங்கள். மூலையில் பாய் விரித்து, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் வேண்டாம். மற்றவர்களுக்கு ஏதாவது படம் வரையக் கொடுத்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

2. முதல் கணக்கு
கண்டிப்பாகப் போடத் தெரிந்ததாக இருக்கட்டும். 5 + 3 போதும். “இவ்வளவுதானா டீச்சர்?” என்று கேட்டால் அடுத்ததுக்குப் போகலாம்.

3. தப்பு வந்தால்
இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒரு பையன் 32 - 17 = 25 என்று எழுதினான். பழைய நானாக இருந்தால் ஒரு பெருக்கல் குறியோடு முடித்திருப்பேன். “எப்படிப் போட்ட கண்ணா, எனக்கும் சொல்லேன்” என்றேன்.

“ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர். மூணுல ஒண்ணு போனா ரெண்டு.”

அவன் கவனக்குறைவாகப் போடவில்லை. எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கணும் என்று அவனுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறான், அதை ஒழுங்காகப் பின்பற்றியும் இருக்கிறான். “தப்பு, திரும்பப் போடு” என்றால் அதே 25தான் திரும்ப வரும், கூடவே கண்ணீரும் வரும்.

விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பேன். மூன்று கட்டு, இரண்டு உதிரி கொடுத்து, “பதினேழு குச்சி எனக்குக் கொடு” என்றேன். ஒரு கட்டு கொடுத்தான். அப்புறம் இரண்டு உதிரி. கை நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை (இதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டம்). கொஞ்ச நேரம் கழித்து, “கட்டைப் பிரிக்கலாமா டீச்சர்?” என்று கேட்டான். பிரித்து ஐந்தை எண்ணிக் கொடுத்தான். மிச்சத்தை எண்ணினான்: ஒரு கட்டு, ஐந்து உதிரி. 25ஐ அவனே எச்சில் தொட்டு அழித்தான்.

4. குறித்துக்கொள்வது
பிள்ளை முன்னால் எழுதாதீர்கள். பேனா நகர்ந்தாலே அதன் கண் நோட்டுக்குப் போய்விடும். அவன் போன பிறகு ஒரே வரி: “கட்டைப் பிரிக்கத் தெரிகிறது, தாளில் இன்னும் வரவில்லை.” வெறும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மறுநாள் என்ன நடத்துவது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்ற அளவை வைத்து அவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறோமே, அது நம் திட்டமிடலுக்கு. “நீ இன்னும் அரும்புதான்” என்று வகுப்பில் சொன்னால் அன்று மாலைக்குள் அது பட்டப்பெயராகிவிடும்.

5. வீட்டுக்குச் சொல்வது
வாசலில் அம்மா, “எத்தனை மார்க்கு டீச்சர்?” என்றுதான் கேட்பார். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, “கூட்டல் நல்லா வருது. கழித்தலுக்கு வீட்டிலேயும் பத்துப் பத்தா குச்சி கட்டிக் கொடுங்கம்மா” என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்த வாரம் அதே பாயில், அதே கணக்கு, இந்த முறை குச்சி இல்லாமல்.