சப்போர்ட்டா, ஹெல்ப்பா, அசிஸ்ட்டா?

பாளையங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடிதத்தில் ‘ப்ளீஸ் சப்போர்ட் டு மீ’ என்று எழுதினேன். மேலதிகாரி அந்த ‘டு’வை மட்டும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை. பிறகு நானாகத் தேடிப் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த உதவி என்று பாருங்கள்

களக்காட்டில் எங்கள் சித்தப்பா, குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுப்பார். ஆனிக் காற்றில் வாழை சாயாமல் கம்பு தாங்கி நிற்கும். அதுதான் சப்போர்ட். இந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கே அடியிலிருந்து சுமப்பது என்றுதான் பொருள். வெட்டிய தாரை வண்டியில் ஏற்ற நீங்கள் ஒரு பக்கம் பிடித்தால் அது ஹெல்ப். கொத்தனாருக்குக் கையாள் மாதிரி, வேலை ஒருவருடையதாக இருக்க, கூட நின்று எடுத்துக் கொடுப்பது அசிஸ்ட்.

அடுத்து, ‘க்கு’

நான் சறுக்கியது இங்கேதான். ‘எனக்கு உதவு’, ‘அவனுக்கு சப்போர்ட் பண்ணு’ என்று பேசிப் பழகிய வாய், ஆங்கிலத்திலும் ‘டு’ தேடும். தேடக் கூடாது. ‘ஹெல்ப் மீ’, ‘சப்போர்ட் மீ’, ‘அசிஸ்ட் மீ’, அவ்வளவுதான். ‘என்னைத் தாங்கு’ என்று ‘ஐ’ வேற்றுமை உருபு போட்டு நினைத்துக்கொண்டால் தப்பு வராது. ஆனால் ‘கிவ் சப்போர்ட் டு ஹிம்’ சரி. அங்கே சப்போர்ட் பெயர்ச்சொல். என்னைக் குழப்பியதே இந்த வாக்கியம்தான்.

அப்புறம், பின்னால் வரும் வினை

‘ஹெல்ப் மீ கேரி’, ‘ஹெல்ப் மீ டு கேரி’ இரண்டும் சரி. அசிஸ்ட்டுக்கு ‘அசிஸ்ட் மீ இன் கேரியிங்’. சப்போர்ட்டுக்கும் அதே ‘இன்’தான்: ‘சப்போர்ட் ஹர் இன் ஃபைண்டிங் எ ஜாப்’.

இதற்கெல்லாம் ஆங்கில-தமிழ் அகராதியை நம்பாதீர்கள். மூன்றுக்கும் ‘உதவு’ என்று போட்டுவிட்டுப் போய்விடும். ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதியில் எந்த வினைக்குப் பின் எது வரும் என்று எடுத்துக்காட்டோடு இருக்கும். எனக்கு அது போதும்.

வீட்டில் ‘அவனுக்கு சப்போர்ட் பண்ணாதீங்க’ என்று அம்மா சொல்வது வேறு. அது பக்கம் சேர்வது. ஆங்கிலத்தில் ‘டோன்ட் டேக் ஹிஸ் சைட்’.

பிற்சேர்க்கை: ‘அப்படியென்றால் பல்வலி தாங்க முடியலைக்கும் சப்போர்ட்தானா?’ என்று அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இல்லை தம்பி, பொறுத்துக்கொள்கிற தாங்கலுக்கு ‘பேர்’ அல்லது ‘ஸ்டாண்ட்’: ‘ஐ கான்ட் பேர் த பெயின்’.