எக்செல் கணக்கில் ஃபார்முலாவை யாரும் அழிக்காதபடி பூட்டி வைப்பது எப்படி

வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் பல அப்பார்ட்மெண்டுகளில் மெயின்டனன்ஸ் கணக்கு ஒரு எக்செல் ஃபைலில்தான் ஓடுகிறது. தண்ணி லாரி எத்தனை வந்தது, வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட் சர்வீஸ், யார் இன்னும் பணம் கட்டவில்லை, எல்லாமே அதில்தான். நாலைந்து பேர் கை வைக்கிற ஃபைல் என்பதால், யாராவது மொத்தம் வருகிற செல்லில் தெரியாமல் ஒரு எண்ணைத் தட்டிவிட்டால் ஃபார்முலா போய்விடும், அப்புறம் லாரி எண்ணிக்கையை எவ்வளவு மாற்றினாலும் மொத்தம் அசையாது, அது கூட்டத்தில் போய்த்தான் வெடிக்கும். நேர்மையாகக் கணக்கு எழுதுகிறவர் மேல் வீணாகச் சந்தேகம் வருவதற்கு இதுவே போதும். பூட்டி வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, செய்துவிடுங்கள்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். எக்செல்லில் எல்லா செல்லும் ஆரம்பத்திலிருந்தே 'லாக்டு' என்றுதான் இருக்கும், ஆனால் ஷீட்டை புரொடெக்ட் செய்யும் வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது. அதனால் நேராகப் போய் பாஸ்வேர்டு போட்டால் எண்களை நிரப்ப வேண்டியவர்களாலும் எதையும் நிரப்ப முடியாமல் போகும். பலர் இங்கேதான் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே மற்றவர்கள் நிரப்ப வேண்டிய செல்களை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு 1 அழுத்துங்கள். வருகிற பெட்டியில் 'புரொடெக்‌ஷன்' என்ற டேபுக்குப் போய் 'லாக்டு' டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் மேலே 'ரிவ்யூ', அதில் 'புரொடெக்ட் ஷீட்', பாஸ்வேர்டை இரண்டு முறை கொடுத்தால் முடிந்தது. பாஸ்வேர்டு கேட்கும் அந்த 'புரொடெக்ட் ஷீட்' பெட்டியிலேயே 'செலக்ட் லாக்டு செல்ஸ்' டிக்கையும் எடுத்துவிட்டால் பூட்டிய செல்லுக்குள் கர்சரே போகாது. கம்ப்யூட்டர் அவ்வளவாகப் பழகாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வேண்டிய வரிகளை மட்டும் காட்டுகிற ஃபில்டர் வேண்டுமென்றால் பூட்டுவதற்கு முன்பே அதைப் போட்டு வைத்து, 'புரொடெக்ட் ஷீட்' பெட்டியில் 'யூஸ் ஆட்டோஃபில்டர்' டிக்கையும் கொடுங்கள். வரிசைப்படுத்துவது (Sort) கொஞ்சம் சிக்கல்: அனுமதி கொடுத்தாலும், அந்த வரிசைகளில் ஒரு செல் பூட்டியிருந்தால்கூட நடக்காது.

யாரும் ஷீட்டையே டெலிட் செய்யாமல், பெயர் மாற்றாமல் இருக்க 'புரொடெக்ட் வொர்க்புக்' தனியாக இருக்கிறது, அதுவும் ரிவ்யூவில்தான்.

இந்த ஷீட் பாஸ்வேர்டு கை தவறுவதைத்தான் தடுக்கும், ரகசியம் காக்காது. ஃபைலைத் திறந்த யாரும் எல்லாவற்றையும் படிக்கலாம், காப்பி எடுக்கலாம், விவரம் தெரிந்தவர் அந்தப் பூட்டையே எடுத்தும் விடலாம். ஃபோன் நம்பர், பேங்க் விவரம் எல்லாம் அதில் இருந்தால் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'புரொடெக்ட் வொர்க்புக்', 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்று போய், திறப்பதற்கே பாஸ்வேர்டு வையுங்கள். அது நிஜமான பூட்டு. மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத்தர முடியாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்கும், அதனால் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள்.

கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துகிறீர்களா? அங்கே பாஸ்வேர்டே கிடையாது. 'டேட்டா' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' போய், எந்த இமெயில் உள்ளவர்கள் திருத்தலாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பல பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற கணக்குக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் வெர்ஷன் ஹிஸ்டரியில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது தெரியும், பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும்.

பாஸ்வேர்டை ஃபைல் அனுப்பும் அதே வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், தேவையானவருக்கு ஃபோனில் சொல்லுங்கள். கமிட்டி மாறும்போது 'அன்புரொடெக்ட் ஷீட்' கொடுத்துப் பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, புதிய பொறுப்பாளரையே உட்கார வைத்துப் புதிதாக ஒன்று போடச் சொல்லுங்கள்.