லேப் சேஃப்டி உங்க தலையில விழுந்துட்டா எங்கேருந்து ஆரம்பிக்கிறது

ரிசர்ச் லேப்ல திடீர்னு ஒரு நாள் கைடு "இனிமே சேஃப்டிய நீயே பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு ஒரு ஃபைல கையில குடுத்துட்டு போயிடுவாரு. அதத் தொறந்தா பாதி பக்கம் வெறும் கையெழுத்தா இருக்கும். அத ஓரமா வச்சிட்டு முதல்ல லேப்ப ஒரு சுத்து சுத்தி வாங்க, ஒவ்வொரு ஷெல்ஃபா, ஒவ்வொரு ஃப்ரிட்ஜா, சிங்க்குக்கு அடியில கூட குனிஞ்சு பாருங்க.

ஈதர், டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்)ன்னு கரைக்கிறதுக்கு வச்சிருக்கிற சால்வென்ட் பாட்டில் இருந்தா அத எப்ப தொறந்தாங்கன்னு தேதி போட்டிருக்கான்னு பாருங்க. காத்து பட பட இதுல பெராக்ஸைடு சேரும், அது வெடிக்கக்கூடிய சரக்கு. மூடி ஓரத்துலயோ உள்ளயோ வெள்ளையா கிரிஸ்டல் மாதிரி தெரிஞ்சா தொடவே தொடாதீங்க, மூடிய திருகுற உராய்வே போதும் வெடிக்க. பக்கத்துல இருக்கிறவங்கள வெளிய அனுப்பிட்டு சேஃப்டி ஆபீஸ்க்கு போன் போடுங்க. அப்புறம் ஈதர் மாதிரி சால்வென்ட்ட சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தா உடனே மாத்துங்க, உள்ள இருக்கிற லைட் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட்ல வர்ற சின்ன ஸ்பார்க்குக்கே அந்த ஆவி பிடிச்சிக்கும்.

எல்லாரும் ரியாக்‌ஷனப் பாத்து பயப்படுவாங்க, என்னக் கேட்டா வேஸ்ட் பாட்டிலப் பாத்து தான் அதிகம் பயப்படணும். அதுல யார் எத ஊத்தினாங்கன்னு யாருக்கும் தெரியாது. நைட்ரிக் ஆசிட் இருக்கிற பாட்டில்ல ஒருத்தர் அசிட்டோனோ எத்தனாலோ ஊத்தி மூடியையும் இறுக்கிட்டாருன்னு வைங்க, ஊத்தின உடனே ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம், அவரு கை கழுவிட்டு கெளம்பிடுவாரு, அப்புறமா மெதுவா சூடாகி கேஸ் சேந்து பாட்டில் வெடிக்கும், அப்ப பக்கத்துல நிக்கிறது வேற யாரோ. பிரானா சொல்யூஷனும் (சல்ஃபியூரிக் ஆசிட்டும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலந்தது) இப்படித்தான், கேஸ் விட்டுட்டே இருக்கும், இறுக்கி மூடவே கூடாது. அதனால பாட்டில் மேல "வேஸ்ட்"னு மட்டும் எழுதுற பழக்கத்த ஒழிங்க. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சீட்டு தொங்கவிட்டு, ஊத்துறவங்க பேர், என்ன ஊத்தினாங்க, தேதி எல்லாம் எழுத வைங்க. நைட்ரிக் ஆசிட்டுக்கு தனி பாட்டில், கேஸ் வெளிய போற மூடி. பழைய ஆசிட் பாட்டில கழுவி சால்வென்ட் வேஸ்ட்டுக்கு வச்சிக்கலாம்ங்கிற சிக்கனமெல்லாம் வேண்டாம்.

அடுத்தது அளவு. 2010ல டெக்சாஸ் டெக் யுனிவர்சிட்டியில நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட்ங்கிற வெடிக்கக்கூடிய சரக்க 100 மில்லிகிராமுக்கு மேல பண்ணக்கூடாதுன்னு வாய்வார்த்தையா ஒரு லிமிட் இருந்துச்சு, ஆனா 10 கிராம் பண்ணிட்டாங்க, வெடிச்சு ஒரு ஸ்டூடண்டுக்கு மூணு விரல் போச்சு. வாயால சொல்ற லிமிட் புது ஆளுக்குப் போய்ச் சேராது. ரிஸ்க் இருக்கிற ரியாக்‌ஷன்ல அளவ ஏத்தணும்னா கைடுகிட்ட எழுத்துல ஓகே வாங்கணும்னு கண்டிஷனா சொல்லிடுங்க.

க்ளவுஸ் விஷயத்துல "போட்டிருக்கேன்ல"ன்னு சொன்னா பத்தாது. 1996ல டார்ட்மத் காலேஜ்ல கேரன் வெட்டர்ஹான்ங்கிற கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர் கையில டைமெத்தில்மெர்குரிங்கிற விஷமான பாதரச திரவம் சில சொட்டு விழுந்துச்சு, அவங்க லேடெக்ஸ் க்ளவுஸ் போட்டுத்தான் இருந்தாங்க, ஆனா அது க்ளவுஸத் தாண்டி உள்ள போயிடுச்சு, அடுத்த வருஷம் எறந்துட்டாங்க. நாம தெனமும் போடுற நைட்ரைல் க்ளவுஸ் கூட டைகுளோரோமெத்தேன்ங்கிற சால்வென்ட் முன்னாடி ரொம்ப நேரம் நிக்காது. எந்த கெமிக்கல எவ்வளவு நேரம் தாங்கும்னு க்ளவுஸ் கம்பெனி குடுக்கிற சார்ட்ட பிரிண்ட் எடுத்து டப்பா பக்கத்துலயே ஒட்டுங்க. அதே க்ளவுஸோட கதவு கைப்பிடிய, போன தொடுறவங்கள அங்கயே நிறுத்தி சொல்லுங்க, கொஞ்சம் கடுப்பாவாங்க, பரவால்ல.

லேப் கோட் பருத்தியா இருக்கட்டும், அதுக்குள்ள போடுற சட்டையும் கூட. சிந்தெட்டிக் துணி தீப்பிடிச்சா உருகி தோல்லயே ஒட்டிக்கும். 2008ல அமெரிக்காவுல யுசிஎல்ஏ யுனிவர்சிட்டி லேப்ல, காத்து பட்டாலே தீப்பிடிக்கிற டெர்ட் பியூட்டைல்லித்தியம் கொட்டி தீப்பிடிச்சப்போ அத கையாண்ட பொண்ணு லேப் கோட் போடல, போட்டிருந்தது சிந்தெட்டிக் ஸ்வெட்டர், லேப்லயே ஷவர் இருந்தும் அதுக்கு கீழ கூட்டிட்டுப் போகல. பதட்டத்துல யாருக்கும் தோணாது, அதனால முன்னாடியே பழக்கி வைக்கணும். எல்லாரையும் அவங்கவங்க பெஞ்சுலேருந்து கண்ண மூடிட்டு ஐவாஷ் வரைக்கும் நடக்கச் சொல்லுங்க, வழியில ஸ்டூலும் அட்டைப்பெட்டியும் இடிக்கும், அப்பத்தான் அத எடுப்பாங்க. பத்து செகண்டுக்குள்ள போய்ச் சேரணும், கண்ண பதினஞ்சு நிமிஷம் விடாம கழுவணும், நடுவுல நிறுத்தக்கூடாது. வாரம் ஒரு தடவ தொறந்து தண்ணி ஓட விடுங்க, இல்லன்னா துருத்தண்ணி தான் கண்ணுக்குள்ள போகும்.

சிலிண்டர சங்கிலி போட்டு கட்டுங்க. லிக்விட் நைட்ரஜன் கேனோட லிஃப்ட்ல ஆள் ஏறக்கூடாது, ஒரு லிட்டர் ஆவியானா கிட்டத்தட்ட 700 லிட்டர் கேஸ், ஆக்ஸிஜன வெளிய தள்ளிடும். ராத்திரி தனியா ஆபத்தான ரியாக்‌ஷன் எதுவும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, படிப்ப முடிச்சு கெளம்புறவங்களோட ஃபார்ம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அவங்களோட ஃப்ரிட்ஜ் தட்டு, ஷெல்ஃப், ஹுட் (புகைய உறிஞ்சுற பெட்டி) மூணையும் பக்கத்துல நின்னு காலி பண்ண வைங்க. லேபிள் இல்லாத குப்பியில என்ன இருக்குன்னு அவங்களுக்கு மட்டும் தான் தெரியும், போனதுக்கப்புறம் போன் பண்ணா எடுக்க மாட்டாங்க.