பழைய ஃபெராரி எஃப்355: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

1994இல் 348க்கு மாற்றாக வந்து, 1999இல் 360 மாடெனாவுக்கு வழிவிட்ட ஃபெராரி எஃப்355, பிரிட்டனின் பழைய கார் சந்தையில் இன்றும் விரும்பித் தேடப்படும் வண்டிகளில் ஒன்று. 3.5 லிட்டர் வி8 இன்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள், நிமிடத்துக்கு 8,000 சுழற்சிகளைத் தாண்டியும் தயங்காத ஓட்டம் ஆகியவை அதன் பெருமை. ஆனால் இந்தக் காரில் கையைக் கடிப்பது வாங்கும் விலையைவிட, முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்டு வந்த வேலைகளே என்பதால், பளபளக்கும் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் பில்களைப் பார்ப்பது நல்லது.

முதலில் கேட்க வேண்டியது டைமிங் பெல்ட்டைப் பற்றி, அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் ரப்பர் பட்டையைப் பற்றி. எஃப்355இல் அதை மாற்ற இன்ஜினையே காரின் அடிவழியாகக் கீழே இறக்க வேண்டும். 360இல் இருக்கைகளுக்குப் பின்னுள்ள மூடியைத் திறந்தே அந்த வேலையை முடித்துவிடலாம். கூலி இவ்வளவு அதிகம் என்பதாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டன்களில் மோதி இன்ஜின் பாழாகும். ஓடாமல் நிற்கும் காரிலும் ரப்பர் முதுமையடையும் என்பதால், கணக்கில் கொள்ள வேண்டியது மைல்களை அல்ல, ஆண்டுகளை. "மேஜர் சர்வீஸ் முடிந்துவிட்டது" என்ற வாய்ச்சொல்லை ஏற்காமல், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்குகளும் மாற்றப்பட்டனவா என்பதை உதிரிபாகங்கள் வரிவரியாகக் குறிக்கப்பட்ட பில்லில் தேடுங்கள். பதிவு எண்ணைக் கொண்டு எம்ஓடி எனப்படும் பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனை வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையிலும் பதிவான மைல்கள் பில்களோடு ஒத்துப்போக வேண்டும். மிகக் குறைந்த மைல்கள் ஓடிய காரை நான் பெரிதாக மதிப்பதில்லை, ஏனெனில் நின்றே கிடந்த காரில் சீல்களும் குழாய்களும்தான் முதலில் கெடுகின்றன.

காரைப் பார்க்கப் போகும்போது, இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் இன்ஜின் மூடியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்ற ஓசை எழுந்து, சூடேறியபின் அடங்கினால், இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருக்கக்கூடும். இது இந்த மாடலில் பரவலாகக் காணப்படும் நோய். விரிசல் வழியே புகும் காற்றால் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் ஏமாறுகிறது. கணினி எரிபொருளைக் கூட்டுகிறது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அளவுமீறிச் சூடாகிறது. நீல நிறப் புகை வந்தால் வால்வுகள் மேலும் கீழும் நகரும் குழல்களான வால்வு கைடுகளைச் சந்தேகிக்க வேண்டும். தொடக்கக் கால கார்களின் வெண்கலக் கைடுகள் விரைவில் தேய்பவை. பிற்காலத்தில் கடினமான உலோகத்தில் செய்தார்கள். மாற்றிய பில் இருந்தால் காரின் மதிப்பே வேறு. இல்லையெனில் எட்டு சிலிண்டர்களுக்கும், உள்ளே செலுத்தும் காற்று எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் லீக்-டவுன் சோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இயல்பே. எண்ணெய் சூடான பிறகும் கரகரத்தால் கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. 1997இல் வந்த, கிளட்ச் பெடல் இல்லாமல் ஸ்டீயரிங்குக்குப் பின்னுள்ள நெம்புகோல்களால் கியர் மாற்றும் எஃப்1 கியர்பாக்ஸ் கொண்ட கார் என்றால், கிளட்ச் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை டயக்னாஸ்டிக் கருவியால் அளந்து தரச் சொல்லுங்கள். விற்கும்போது மேனுவல் காருக்கே விலை கூடுதல். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், டயரின் வரிப்பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். பிசுபிசுக்கும் சுவிட்சுகளும் சுருங்கி மேலெழும் டேஷ்போர்டு தோலும் கண்ணை உறுத்தும், ஆனால் காரை வேண்டாம் என்று சொல்வதற்கு அவை காரணமாகா.

இறுதியாக, விற்பவரோடு தொடர்பில்லாத ஃபெராரி மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டி, அவர் எழுதித் தரும் வேலைகளின் செலவை அப்படியே விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். சோதனைக்கு விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். காப்பீட்டை, இழப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகைப் பாலிசியாக, சாவியை வாங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.