ஆர்சிஸ்லொக் அப்டேட் பண்ணேக்க லொக் ஒண்டும் துலையாமல் பாக்கிறது எப்பிடி

சேர்வர் வச்சிருக்கிற ஆக்கள் வெப் சேர்வரை அப்டேட் பண்ணுவினம், டேட்டாபேஸை பண்ணுவினம், சேர்வரில நடக்கிறதை எல்லாம் பதிஞ்சு வைக்கிற, அதாவது லொக் எழுதிற சொஃப்ட்வெயாரை மட்டும் தொடமாட்டினம், அது ஓடுது தானே விடுங்கோ எண்டுவினம். எனக்கு இதில உடன்பாடில்லை. வெப் சேர்வர் நிண்டா ஆராவது உடன கோல் எடுப்பினம், லொக் நிண்டா ஒருத்தரும் எடுக்கமாட்டினம், மாசக்கணக்கா நிண்டாலும் தெரியாது, பேந்து ஒரு நாள் ஆரோ உள்ளுக்க பூந்திட்டாங்கள் எண்டு தேடேக்க தான் அங்க ஒண்டுமே எழுதுப்படேல்லை எண்டு விளங்கும். அதால அப்டேட்டும் செய்ய வேணும், செய்த பிறகு லொக் வருகுதோ எண்டு கண்ணால பாக்கவும் வேணும். கீழ எழுதிறது டெபியன், உபுண்டு எண்ட ரெண்டு லினக்ஸிலயும் லொக் எழுதிற ஆர்சிஸ்லொக் எண்ட சொஃப்ட்வெயாருக்கு, யாழ்ப்பாணத்துக் கடையள், ரியூஷன் சென்ரர், சின்ன ஒபிஸுகளில நான் கூடக் காணுறது அது தான்.

முதல்ல உங்களிட்ட இருக்கிற வேர்ஷனைப் பாருங்கோ. ஆர்சிஸ்லொக்டி எண்டு அடிச்சு ஒரு கோடு போட்டு சின்ன வி அடிச்சா காட்டும். ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் எண்டவர் 2004 இல துவங்கின வேலை இது, 2019 இல இருந்து வேர்ஷன் நம்பருக்குள்ளயே வருசமும் மாசமும் வருது, அதாவது 8.2204 எண்டா 2022 ஏப்ரல். அதால எவ்வளவு பழசு எண்டு நம்பரைப் பாத்த உடனயே தெரியும்.

ஆனா நம்பரை மட்டும் பாத்து முடிவெடுக்காதேங்கோ. 2022 மே மாசம் சிவிஇ-2022-24903 எண்டு ஒரு ஓட்டை வெளிய வந்தது, ரீசிபியால, அதாவது போய்ச் சேந்ததோ எண்டு பாத்து அனுப்புற விதத்தால, லொக் வாங்கிற மொடியூலுகளில மெமரி நிரம்பி வழியிற பிழை, ஆர்சிஸ்லொக் ஆக்கள் அதை 8.2204.1 இல திருத்தினவை. டெபியனும் உபுண்டுவும் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்து தங்கட பழைய வேர்ஷனுக்குள்ள போட்டு விட்டவை, அதால 8.2102 எண்டு காட்டினாலும் ஓட்டை அடைபட்டிருக்கலாம். ஏபிடி சேஞ்ச்லொக் ஆர்சிஸ்லொக் எண்டு அடிச்சு வாசிச்சா எந்தப் பிழை திருத்தினவை எண்டு இருக்கும், ஒரு பத்து நிமிசம் இருந்து வடிவா வாசியுங்கோ. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் காணுமெண்டா டிஸ்ட்ரோ, அதாவது டெபியனோ உபுண்டுவோ, தாற பக்கேஜே போதும். புது வசதி ஏதும் உண்மையாவே தேவைப்பட்டா மட்டும் உபுண்டுவில ஆர்சிஸ்லொக்கைச் செய்யிற அடிஸ்கொன் கொம்பனியின்ர பிபிஏவை, அதாவது அவையின்ர தனிப் பக்கேஜ் களஞ்சியத்தை, சேருங்கோ. அப்பிடிச் சேத்தா டிஎல்எஸ், மைஎஸ்கியூஎல், ஆர்ஈஎல்பி மாதிரித் தனியா வாற மொடியூல் பக்கேஜுகளையும் அங்கயிருந்தே சேர்த்து ஏத்த வேணும், ஒண்டு புதுசும் மற்றது பழசுமா விடாதேங்கோ.

இப்ப அப்டேட்டுக்கு முதல் செய்யிற வேலை, என்னைக் கேட்டா முக்காவாசி வேலை இதில தான் இருக்கு. ஒரு கொப்பியில எழுதுங்கோ, இந்தச் சேர்வருக்கு எங்கயெங்க இருந்து லொக் வருது, ரவுட்டர், சுவிட்ச், சிசிடிவி ரெக்கோடர், பில் போடுற கொம்பியூட்டர், கிளிநொச்சி பிராஞ்ச் எண்டு எல்லாம், எது யூடிபி (போய்ச் சேந்ததோ எண்டு பாக்காமல் அனுப்புற விதம்) போர்ட் 514 இல வருது எது ரீசிபியில வருது, எது எந்த ஃபைலுக்குள்ள போகுது எண்டு. இந்த லிஸ்ட் இல்லாட்டி பிறகு ஒண்டு வராமல் நிண்டாலும் தெரிய வராது. பிறகு ஈடிசி ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஆர்சிஸ்லொக் டொட் கொன்ஃப் ஃபைலையும் ஆர்சிஸ்லொக் டொட் டி ஃபோல்டரையும் அப்பிடியே கொப்பி எடுத்து வேற மெஷினில வையுங்கோ. இப்ப ஓடுற வேர்ஷனின்ர டெப் ஃபைலையும் (இன்ஸ்டோல் பண்ணிற பக்கேஜ் ஃபைல்) ஏபிடி-கெட் டவுன்லோட் போட்டு இறக்கி வையுங்கோ, ஏனெண்டா ஏபிடி கொமாண்ட் இன்ஸ்டோல் முடிஞ்ச உடன தான் இறக்கினதை அழிச்சுப்போடும், திரும்பிப் போக வேண்டி வந்தா உங்கட கையில ஒண்டுமிராது. புது பக்கேஜையும் முதலே இறக்கலாம், டவுன்லோட்-ஒன்லி எண்ட ஒப்ஷன் போட்டா இறக்கிறதோட நிக்கும், இரவு டேட்டா இருக்கிறவை இரவிலயே எடுத்து வைக்கலாம்.

நேரம் பாக்கிறதும் முக்கியம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கடையளில சனம் நிக்கும், அந்த நேரம் கை வைக்காதேங்கோ. ஒபிஸ் பூட்டியிருக்கிற போயா நாள் நல்லம். யுபிஎஸ் சரியா வேலை செய்யுதோ எண்டும் பாருங்கோ, ஏனெண்டா அனுப்பேலாத லொக்கை டிஸ்க்கில கியூவா வச்சிருக்கிற ஆக்களுக்கு கரண்ட் போறது சரியான கரைச்சல். லைன் இல்லாத நேரம் தேங்கிற லொக் எல்லாம் வார் ஸ்பூல் ஆர்சிஸ்லொக் ஃபோல்டருக்குள்ள போய் இருக்கும், அதுக்கு ஒரு சின்ன இன்டெக்ஸ் ஃபைலும் இருக்கு, கடைசியில டொட் கியூஐ எண்டு முடியும். நீங்கள் வேற செட்டிங் போடாட்டி அந்த இன்டெக்ஸ் ஒழுங்கா நிப்பாட்டேக்க மட்டும் தான் எழுதுப்படும், இடையில கரண்ட் போனா தேங்கின ஃபைலுகள் அனாதையா கிடக்கும், திருப்பி ஏறாது. அதால அப்டேட்டுக்கு முதல் அந்த ஃபோல்டர் வெறுமையாகிற மட்டும் பொறுங்கோ.

இனி ஏபிடி அப்டேட், பிறகு ஏபிடி இன்ஸ்டோல் ஆர்சிஸ்லொக். நீங்கள் கொன்ஃபிக்கில கை வச்சிருந்தா பழசை வச்சிருக்கவோ புதுசைப் போடவோ எண்டு நடுவில கேக்கும். என்டரைத் தட்டினா பழசு அப்பிடியே இருக்கும், அதுக்கு முதல் டி அடிச்சு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பாருங்கோ, புதுசில நல்ல மாற்றம் இருந்தா பிறகு கையால சேக்கலாம். முடிஞ்ச உடன சர்விஸ் தானா ரீஸ்டார்ட் ஆகும், அந்தச் சில செக்கனுக்குள்ள யூடிபியில வந்தது போனது தான், திரும்ப வராது.

அடுத்தது கொன்ஃபிக் சரிதானோ எண்டு செக் பண்ணிறது. ஆர்சிஸ்லொக்டி, ஒரு கோடு, பெரிய என், அதோட ஒண்டு எண்ட இலக்கம். இது ரூட்டா இருந்து அடிக்க வேணும், சர்விஸைத் தொடாமல் கொன்ஃபிக்கை மட்டும் வாசிச்சு எந்த ஃபைலில எத்தினையாவது வரியில பிழை எண்டு சொல்லும். ஒண்டை ஞாபகம் வச்சிருங்கோ, கொன்ஃபிக்கை மாத்திப்போட்டு எச்யூபி சிக்னல் அனுப்பினா மாற்றம் ஏறாது, அது ஃபைலுகளை மூடித் திறக்கிறதுக்கு மட்டும் தான், கட்டாயம் ரீஸ்டார்ட் குடுக்க வேணும்.

ஸ்டேடஸில பச்சையா அக்டிவ் எண்டு காட்டினா காணாது. லொக்கர் எண்ட கொமாண்டில ஏதாவது ஒரு சொல்லை அனுப்பி அது ஃபைலுக்குள்ள விழுதோ எண்டு பாருங்கோ. பிறகு முதல் எழுதின கொப்பியை எடுத்து வச்சு ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு வரியாவது வந்திருக்கோ எண்டு பாத்து சரி போடுங்கோ, சிலது மணித்தியாலத்துக்கு ஒருக்கா தான் கதைக்கும், அதுக்குப் பொறுக்க வேணும் இல்லாட்டி நீங்களே அதில ஒருக்கா பிழையான பாஸ்வேர்ட் அடிச்சுப் பாருங்கோ, உடன ஒரு வரி வரும்.

டிஸ்ட்ரோவையே பெரிய வேர்ஷனுக்கு ஏத்தினா கூடுதலா சில இடம் பாக்க வேணும். டெபியன் 12 இல இருந்து, 2023 இல வந்தது, புதுசா இன்ஸ்டோல் பண்ணினா ஆர்சிஸ்லொக் தானா வராது, ஜேர்னல்டி எண்ட மற்ற லொக் சேவை மட்டும் தான் இருக்கும், வேணுமெண்டா நீங்கள் தான் போட வேணும். அதோட ரைம் எழுதிற விதமும் மாறியிட்டுது, முந்தி மாசம் நாள் மணி மட்டும், இப்ப வருசமும் ரைம் சோனும் சேர்ந்து நீளமா வருது. இது நல்ல மாற்றம், எங்கட +05:30 அதிலயே தெரியும், ஆனா பழைய வடிவத்தை நம்பி எழுதின ஸ்கிரிப்ட் எல்லாம் பேசாமல் ஒண்டும் பிடிக்காமல் நிக்கும், அதுகளைத் தேடித் திருத்துங்கோ. உபுண்டு 24.04 இல ஆர்சிஸ்லொக்குக்கு அப்ஆர்மர் எண்ட, ஒரு புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் எண்டு கட்டுப்படுத்திற காவல் போட்டிருக்கு, நீங்கள் வார் லொக்குக்கு வெளிய, தனி டிஸ்க் ஒண்டில எழுதிறனீங்கள் எண்டா மறிச்சுப்போடும். ஜேர்னல்சிடிஎல்லில டினைட் எண்டு தேடினா தெரியும், ஈடிசிக்குள்ள அப்ஆர்மர் டொட் டி, அதுக்குள்ள ஆர்சிஸ்லொக் டொட் டி, அங்க உங்கட ஃபோல்டருக்கு ஒரு வரி சேருங்கோ, அப்ஆர்மரை முழுசா நிப்பாட்டாதேங்கோ.

அப்டேட் பண்ணின கையோட ரெண்டு வசதியை எங்கட ஊரில கட்டாயம் போட வேணும் எண்டு சொல்லுவன். ஒண்டு, பிராஞ்சில இருந்து அனுப்புற பக்கத்தில டிஸ்க் கியூ, அதோட ரீட்ரை எண்ணிக்கையை -1, அதாவது விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார், எண்டு வச்சு நிப்பாட்டேக்க சேமி எண்டதையும் ஒன் பண்ணி விட்டா லைன் அறுந்தாலும் லொக் காத்திருந்து பேந்து வந்து சேரும். ரெண்டாவது ரைம். மலிவு ரவுட்டருகளுக்குள்ள பற்றரி இல்லை, கரண்ட் போய் வந்தா சிலது 1970 எண்டு ரைம் போட்டு அனுப்பும், ஆர் எப்ப வந்தது எண்டு பிறகு கண்டுபிடிக்கேலாது. ஆர்சிஸ்லொக்கில ரைம்ரிப்போட்டட் எண்டது அனுப்பினவர் சொன்ன நேரம், ரைம்ஜெனரேட்டட் எண்டது உங்கட சேர்வருக்கு வந்து சேந்த நேரம், லொக் வரி எப்பிடி இருக்க வேணும் எண்டு சொல்லுற டெம்ப்ளேட்டில ரெண்டையும் எழுத விடுங்கோ. கியூவில நிண்டு பிந்தி வந்தது எது எண்டும் அப்ப தெரியும்.

எல்லாம் பாத்தும் சரிவரேல்லை எண்டா இறக்கி வச்ச பழைய டெப் ஃபைலை டிபிகேஜி கொமாண்டால திருப்பிப் போட்டு, கொப்பி எடுத்த கொன்ஃபிக்கையும் வச்சு ரீஸ்டார்ட் குடுங்கோ, ஏபிடி-மார்க் ஹோல்ட் போட்டா தானா திருப்பி ஏறாது. ஆனா ஹோல்ட் போட்ட மெஷினுக்கு பாதுகாப்புத் திருத்தமும் வராது, அதால காரணத்தைப் பிடிச்ச உடன அன்ஹோல்ட் போட்டு விடுங்கோ, ஹோல்ட் போட்ட திகதியையும் அந்தக் கொப்பியிலயே எழுதுங்கோ.