கல்பாத்தியில் பழைய வீடு பிடிப்பது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில், தமிழ் பேசும் கேரளம். அதனால் சென்னை, திருச்சிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பாலக்காடு என்றால் என் வீட்டுக் கொல்லை என்று நினைப்பு. வருஷத்துக்கு நாலு பேராவது ஒரு போட்டோ அனுப்புவார்கள். திண்ணை, மரத்தூண், சிவப்புத் தரை, நடுமுற்றத்தில் விழும் வெயில். கீழே ஒரு வரி: "இந்த மாதிரி வீடு ஒண்ணு லீவுக்குப் பிடிச்சுக் குடேன், வண்டியே எடுக்காம நாலு நாள் இருக்கணும்."

பிடித்துக் கொடுத்துத் திட்டும் வாங்கியிருக்கிறேன். அந்தத் திட்டுகளிலிருந்து கற்றதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டை விடுங்கள், தெருவை முடிவு செய்யுங்கள்

பாலக்காட்டில் அக்கிரகாரத்தை 'கிராமம்' என்பார்கள். நகரத்துக்கு நடுவில் இருந்தாலும் கிராமம்தான். பாலக்காட்டு நகரத்துக்குள்ளேயே இருக்கும் கல்பாத்தியைச் சுற்றி பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று கிராமங்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இவற்றில் எங்கே வீடு கிடைத்தாலும் கோயில், ஆற்றுப் படித்துறை, அப்பளக் கடை எல்லாம் நடை தூரம்தான்.

சிக்கல் எங்கே என்றால், 'கல்பாத்தி ஹெரிட்டேஜ்' என்று பெயர் வைத்துக்கொண்டு வீடு வேறெங்காவது இருக்கும். ஒலவக்கோட்டில் இருக்கலாம், சந்திரநகர் பக்கம் இருக்கலாம். புக்கிங் தளங்களில் முன்பணம் கட்டும் வரை பெரும்பாலும் சரியான முகவரியைக் காட்டமாட்டார்கள். வரைபடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருக்கும். எனவே "எந்த கிராமம், எந்தக் கோயிலுக்குப் பக்கம்?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் கூகுள் மேப்பில் அந்தக் கோயிலை வைத்து, நடக்கும் ஆள் படத்தைத் தட்டிப் பாருங்கள். விசுவநாத சுவாமி கோயிலுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் காட்டினால் நீங்கள் கேட்ட இடம் அது இல்லை.

சுமார் 1425-ல் கட்டியதாகச் சொல்லப்படும் கோயில் அது. 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது இங்கே வாய்ப்பழக்கம். கோயிலிலிருந்து படி இறங்கினால் கல்பாத்திப் புழை. பாரதப்புழையில் போய்ச் சேரும் ஆறு. ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டை வரைக்கும்கூட நடக்கலாம், ஆனால் அது காலையில் மட்டும். பாலக்காட்டு மத்தியான வெயிலில் நடந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

நடக்க வசதியான தெரு என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. 1924-ல், தேர்த் திருவிழா நாளில், இந்தத் தெருவுக்குள் வந்த, கேரளத்தின் ஈழவர் சாதியைச் சேர்ந்தவர்களை அடித்து விரட்டினார்கள். பொதுச் சாலையில் யார் நடக்கலாம் என்ற அந்தச் சண்டை அப்போது பெரிய விவகாரமானது. எந்த வீட்டு விளம்பரத்திலும் இது இருக்காது. பழமைக்காகத்தான் போகிறோம் என்றால் இந்தப் பழமையும் அந்தத் தெருவுடையதுதான். இன்றைக்கும் சில வீட்டுக்காரர்கள் போனில் "நீங்க எந்த ஆட்கள்?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கேட்ட வீட்டை நான் யாருக்கும் பிடித்துக் கொடுப்பதில்லை. வேறு வீடு கிடைக்கும்.

இரண்டாம் படி: தேதி

ஐப்பசிக் கடைசி, அதாவது நவம்பர் நடுவில், கல்பாத்தித் தேர். கடைசி மூன்று நாள் தேர் ஓடும், மூன்றாம் நாள் சாயங்காலம் தேர்கள் ஒன்றுகூடும். அதற்கு முன்னால் சங்கீத உற்சவம் வேறு. மிருதங்கம் பாலக்காடு மணி ஐயர் ஊர் இது, செம்பை வைத்தியநாத பாகவதரின் செம்பையும் பக்கத்தில்தான். கச்சேரி கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

ஆனால் முதல் முறை போகிறவர்களுக்குத் தேர் நாள் வேண்டாம் என்பேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் அப்போதுதான் வீடு திரும்புவார்கள். காலி வீடே அபூர்வம், வாடகையும் ஏறியிருக்கும். தெருவுக்குள் வண்டி வராது, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி சுகம். மார்ச், ஏப்ரலில் கேரளத்திலேயே சூடான ஊர்களில் பாலக்காடும் ஒன்று. ஜூனில் மழை பிடித்தால் நடுமுற்றத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. ஆகஸ்டில் வருவதானால் ஆற்றை ஒட்டின வீடு எடுக்காதீர்கள். 2018 வெள்ளத்தில் இந்த ஆறு கரை புரண்டது.

மூன்றாம் படி: எந்த மாதிரி வாடகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் குடும்பமும் அதே வீட்டில் இருக்கும், உங்களுக்கு ஒன்றிரண்டு அறை. கேரள சுற்றுலாத் துறை இவற்றை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. இருந்தால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். முழு வீடும் உங்களுக்கே என்பது வேறு வகை. அதில் சாவி உங்கள் கையில், ராத்திரி ஃபியூஸ் போனாலும் உங்கள் தலையில். வயதானவர்களோடு போகிறவர்கள் முதல் முறை ஹோம்ஸ்டேயில் தங்கிப் பார்க்கலாம். சமையலும் கிடைக்கும், பேச்சுத்துணையும் கிடைக்கும்.

நான்காம் படி: போட்டோவில் இல்லாததைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி, இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

அக்கிரகார வீடு எப்படி இருக்கும் என்று முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், நடுமுற்றம், அடுக்களை, கடைசியில் கொல்லை. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். அதனால் பக்கவாட்டில் ஜன்னல் இருக்காது. வெளிச்சமும் காற்றும் வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் வந்தால்தான் உண்டு. நடுவில் இருக்கும் அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று உங்களால் எண்ண முடியும். இது குறை என்று சொல்லவில்லை, தெரிந்து போங்கள் என்கிறேன்.

போட்டோவில் திண்ணை இருக்கும், முற்றம் இருக்கும், கூடத்து ஊஞ்சல் இருக்கும். கக்கூஸ் இருக்காது. என் பெரியம்மாவுக்கு ஒரு வீடு பிடித்தேன். தேக்குத் தூண், ஆளுயரப் பித்தளை விளக்கு, எல்லாம் பிரமாதம். ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியம்மா, "பாத்ரூம் எங்கடா?" என்றார். வீட்டுக்கார மாமிக்குப் போன் போட்டேன். "கொல்லையிலயாக்கும். கிணறு தாண்டி இடது பக்கம். பாத்து போகச் சொல்லுங்கோ, படி வழுக்கும்." வெளியே மழை. நான் குடை பிடிக்க, அண்ணன் செல்போன் வெளிச்சம் காட்ட, எழுபது வயதுப் பெரியம்மா கிணற்றைச் சுற்றி ஊர்வலமாகப் போனார். மூன்று ராத்திரி இப்படி. மாமி பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து முதல் கேள்வி அதுதான். அடுத்தது படிக்கட்டு. மச்சுக்குப் போகும் மர ஏணிப்படி செங்குத்தாக இருக்கும், சில வீட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு மட்டும் தொங்கும். படுக்கை அறை மச்சில் என்றால் முட்டி வலிக்காரர்களுக்கு அந்த அறை இல்லை என்றே கணக்கு. நிலைவாசலும் தணிவு. ஐந்தே முக்கால் அடிக்கு மேல் இருப்பவர்கள் முதல் நாளே நெற்றியில் முத்திரை வாங்குவார்கள். சின்னக் குழந்தை இருந்தால் கிணற்றுக்கு மூடி உண்டா என்று கேளுங்கள்.

மின்சாரம்: பழைய வயரிங் இருக்கும் வீட்டில் கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மொத்தமும் அணையும். எது எதை ஒன்றாகப் போடலாம் என்று கேட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதா என்பதையும். ராத்திரி ஓட்டின் மேல் யாரோ நடக்கிற மாதிரி சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், மரநாய். அதற்கு வாடகை கிடையாது.

ஐந்தாம் படி: ஒரே மெசேஜில் கேட்பது

போனில் பேசினால் பாதி மறந்துபோகும், பின்னால் "நான் அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சும் வரும். எழுத்தில் கேளுங்கள். நான் அனுப்புவது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம். டிசம்பர் 12 முதல் 15 வரை, மூன்று ராத்திரி. பெரியவர்கள் நாலு, குழந்தை ஒன்று. ஒருவருக்கு வயது 74, படி ஏற முடியாது. கீழேயே படுக்கை அறை உண்டா? கக்கூஸ் வீட்டுக்குள்ளா, கொல்லையிலா, வெஸ்டர்ன் டாய்லெட்டா? வாடகை வீட்டுக்கா, ஆளுக்கா? வரி சேர்த்தா? கார் எங்கே நிறுத்துவது? சமைக்கலாமா, அசைவம் கூடாதா? ராத்திரி எத்தனை மணிக்குள் வந்துவிட வேண்டும்? நாளை ஐந்து நிமிஷம் வீடியோ காலில் வீட்டைக் காட்ட முடியுமா?"

வீடியோ காலில் வாசலிலிருந்து ஆரம்பித்துக் கொல்லை வரைக்கும் நிற்காமல் நடக்கச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீடே இல்லாமல் போட்டோ மட்டும் வைத்திருக்கிற ஆள் இந்த இடத்தில் நழுவிவிடுவான். பெரும்பாலான அக்கிரகார வீடுகளில் அசைவமும் குடியும் கூடாது என்பது நிபந்தனை. ஒத்துவராது என்றால் முன்னாலேயே விட்டுவிடுங்கள், ஒளித்துக் கொண்டுபோவது அசிங்கம்.

ஆறாம் படி: பணமும் காகிதமும்

முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஒரு பகுதி முன்பணம், மீதி சாவி வாங்கும்போது. யுபிஐயில் அனுப்பும்போது திரையில் வரும் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. புக்கிங் தளம் வழியாகப் போனால் ஜிஎஸ்டி சேரும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம். போகாமல் நின்றுவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடையாள அட்டை கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். வாட்ஸப்பில் அனுப்புவதானால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். கூட வரும் அத்தை பெண் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் வீட்டுக்காரர் அதை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். சிலருக்கு அதற்கான ஏற்பாடு இருக்காது.

ஏழாம் படி: போய்ச் சேர்ந்ததும்

கோயம்புத்தூர் உக்கடத்திலிருந்து பஸ், சுமார் 50 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் பாலக்காடு ஜங்ஷனில் இறங்குங்கள், அது ஒலவக்கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோவில் கல்பாத்தி கொஞ்ச தூரம்தான். கார் கொண்டுவருவதைவிட இதுவே மேல். தெரு இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது, திண்ணைக்கு முன்னால் காரை நிறுத்தினால் எதிர் வீட்டு மாமா ஒன்றும் சொல்லமாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் செல்போனில் ஒரு சுற்று வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். ஊஞ்சல் சங்கிலி, விளக்கு, ஏற்கெனவே விரிசல் விட்ட தரை எல்லாம் அதில் வரட்டும். ஊஞ்சலில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேளுங்கள். நாலு பேரும் ஏறி ரீல்ஸ் எடுத்து உத்தரத்தை முனக விட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

விடியற்காலையில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். அப்போதே எழுந்து திண்ணையில் உட்காருங்கள். மாவுக்கோலம் போட்டு முடிக்கும் வரை தாண்டிப் போக வேண்டாம். தெருவையும் தேரையும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டோ எடுங்கள், திறந்திருக்கும் அடுத்த வீட்டு ரேழியை எடுக்காதீர்கள். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். பேச்சுக் கொடுத்தால் அவர்களே உள்ளே கூப்பிடுவார்கள். "எவிடேந்து வரேள்?" என்று பாதி மலையாளத்தில் ஆரம்பிக்கும் அந்தத் தமிழுக்கு அரை நாளில் காது பழகிவிடும்.

எட்டாம் படி: கிளம்பும் நாள்

கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள், கிணற்று மோட்டார் சுவிட்ச், கேஸ். இந்த மூன்றையும் பார்த்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுங்கள், பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு மெசேஜ் போடாதீர்கள். டெபாசிட் கொடுத்திருந்தால் அங்கேயே நின்று திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டோ வருவதற்கு நேரம் இருந்தால் தெருவிலேயே அப்பளமும் வேப்பிலைக்கட்டியும் வாங்கலாம். பெயரைப் பார்த்துக் கசக்கும் என்று ஒதுக்காதீர்கள். அதில் வேப்பிலை கிடையாது, நாரத்தை இலை. தயிர் சாதத்துக்குக் கொஞ்சம் கிள்ளிப் போட்டுக்கொண்டால் போதும், ஒரு பாக்கெட் மாசக்கணக்கில் வரும்.