பிள்ளை ஒன்று, கோச் இரண்டு: பாடசாலை விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புப் பாடசாலைகளில் முதலாம் தவணை வந்தால் எல்லாமே ஒரே நேரத்தில்தான் நடக்கும். மார்ச் மாத பிக் மெட்சுக்கு, அதாவது பரம்பரைப் போட்டியாளரான பாடசாலையோடு வருடாவருடம் ஆடும் ஆட்டத்துக்கு, கிரிக்கெட் அணி தயாராகும். மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழும். றக்பிக்காரர்கள் வரப்போகும் பருவத்துக்காக ஜிம்மில் இறங்கியிருப்பார்கள். கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், மூன்று இடத்திலும் திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான். வேகமாக ஓடுகிற பையனை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? அவனுக்குக் குறைந்தது இரண்டு கோச், ஒரு இல்லப் பொறுப்பாசிரியர், பின்னேரத்தில் ஒரு டியூஷன் சேர். நாலு பேருக்கும் அவன் தங்கள் ஆள்.

இரண்டு விளையாட்டு விளையாடி ஒரு பிள்ளை கெட்டுப்போவது அபூர்வம். இரண்டு கோச்மார் ஒருவரோடொருவர் பேசாமலிருந்து ஒரு பிள்ளையைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. கீழே சொல்கிற தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன.

பிள்ளையைத் தூது விடுவது

“றக்பி சேரிட்டப் போய்ச் சொல்லு, இண்டைக்கு நெட்ஸ் பிராக்டிஸ் இருக்கு, வர ஏலாது எண்டு.” கிரிக்கெட் கோச் இதைச் சாதாரணமாகத்தான் சொல்கிறார். கேட்கிற பையனுக்கு 15 வயது. அந்தப் பக்கம் போனால், “அப்ப உனக்கு எது முக்கியம்?” என்ற கேள்வி காத்திருக்கிறது. இதற்கு எந்தப் பதில் சொன்னாலும் ஒரு அணியில் இடம் ஆட்டம் காணும் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே இரண்டு பேருக்கும் “ஓம் சேர்” என்றுவிட்டு இரண்டு இடத்துக்கும் ஓடுகிறான். கொஞ்ச நாளில் நோவையும் மறைக்கப் பழகிவிடுகிறான்.

இதைவிட மோசமானது, பிந்தி வந்ததற்குத் தண்டனை. அஞ்சலோட்டப் பயிற்சி முடித்து நேரே வந்தவனை “பத்து ரவுண்ட் ஓடிட்டு வா” என்று அனுப்புவது. அவன் கால் ஏற்கனவே செய்து முடித்த வேலையைத் திரும்பவும் செய்யச் சொல்கிறோம், அதுவும் கோபத்தில். அன்றைக்கு அவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஓட விடாமல் நேரே பந்துப் பயிற்சியில் சேர்த்திருக்கலாம்.

கோச்சோடு கோச்தான் பேச வேண்டும். பருவம் தொடங்குமுன் பொறுப்பாசிரியர் இரண்டு கோச்மாரையும் உட்கார வைத்து, மெட்ச் திகதிகளை ஒரே கலண்டரில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். மெட்சும் பிராக்டிஸும் மோதினால் மெட்ச் நடக்கட்டும். இரண்டு மெட்ச் மோதினால் எது முந்தும் என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து, வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். மெட்சுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வருகிற நிலைமை தேவையில்லாதது.

தன் பங்கை மட்டும் எண்ணுவது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 வயதுப் பையன், வேகப்பந்து வீசுகிறான், றக்பியில் ஓரத்தில் ஓடுகிற விங். கிரிக்கெட்டில் இரண்டு மணித்தியால நெட்ஸ் இரண்டு நாள், ஒன்றரை மணித்தியால இலகுவான பயிற்சி ஒரு நாள், சனிக்கிழமை நாலு மணித்தியாலம் மெட்ச். மொத்தம் ஒன்பதரை மணித்தியாலம். றக்பியில் ஒன்றரை மணித்தியாலப் பயிற்சி இரண்டு நாள், காலையில் முக்கால் மணித்தியாலம் ஜிம் ஒரு நாள். மொத்தம் மூன்றே முக்கால். றக்பி கோச்சைக் கேட்டால், “நான் கிழமைக்கு நாலு மணித்தியாலம்கூட எடுக்கிறதில்லையே” என்பார். பொய்யில்லை. கிரிக்கெட் கோச்சும் தன் ஒன்பதரை நியாயம் என்பார். அதுவும் சரிதான். இதோடு இல்லப் போட்டிக்கான ஓட்டப் பயிற்சி மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். அதை யாருமே எண்ணுவதில்லை, அது “சும்மா இல்லத்துக்கு” ஓடுவதாம். எல்லாம் சேர்த்தால் 16 மணித்தியாலம் 15 நிமிடம்.

விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிற ஒரு எளிய அளவுகோல் உண்டு: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஒழுங்கமைத்த பயிற்சியும் போட்டியும் என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. நம் பையன் தாண்டிவிட்டான். மூன்று பேரில் ஒருவர்கூடத் தவறு செய்யாமலே தாண்டிவிட்டான்.

மணித்தியாலம் மட்டும் பார்த்தாலும் போதாது, எவ்வளவு கடினம் என்பதும் சேர வேண்டும். பயிற்சி முடிந்து அரை மணித்தியாலம் கழித்து, “0 முதல் 10 வரை, இண்டைக்கு எவ்வளவு கஷ்டம்?” என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிட றக்பிக்கு 7 என்றால் 630. 60 நிமிட ஓட்டத்துக்கு 6 என்றால் 360. எல்லா விளையாட்டின் எண்களையும் ஒரே தாளில் கூட்டினால் அந்தக் கிழமையின் பாரம் தெரியும். முன்னைய மூன்று, நாலு கிழமைச் சராசரியைவிட அது திடீரென்று எகிறியிருந்தால், யாராவது ஒரு கோச் ஒரு நாளை விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி போதும். யார் விட்டுக்கொடுப்பது என்பதுதான் கஷ்டமான பகுதி. அந்தக் கிழமை யாருக்கு மெட்ச் இல்லையோ அவர் விடட்டும் என்பது என் கட்சி.

கிழமைக்கு ஒரு நாள் எந்த விளையாட்டும் இல்லாமல் முழு ஓய்வு வேண்டும். ஒரே விளையாட்டை வருடம் முழுக்க விளையாடக்கூடாது, இரண்டு மூன்று மாதமாவது அதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் சொல்கிறது. ‘இந்த விளையாட்டு முடிந்தது, அந்த விளையாட்டு தொடங்கியது, ஆகவே ஓய்வுதானே’ என்று நினைப்பதும் தவறு. பிக் மெட்ச் முடிந்த அடுத்த திங்கட்கிழமையே டக்கிள் பயிற்சிக்கு (எதிராளியைப் பிடித்து விழுத்தும் றக்பிப் பயிற்சி) இழுக்காதீர்கள். பந்து வீசிய முதுகுக்கு ஒரு இடைவெளி கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். வளரும் வயதில் வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகு எலும்பில் வருகிற வெடிப்பு, ஆரம்பத்தில் சாதாரண முதுகு நோ போலத்தான் காட்டும்.

“நோ இல்லை சேர்”

இந்த வாக்கியத்தை நம்பாதீர்கள். அடுத்த அணியில் இடம் போய்விடும் என்று பயப்படுகிற பிள்ளை வேறு என்ன சொல்லும்? கண்ணால் பாருங்கள், கையால் தொட்டுப் பாருங்கள். உதாரணத்துக்குக் கணுக்காலுக்கு மேலே, முன்னங்காலின் உட்பக்க எலும்பு. ஓட்டமும் கடினத் தரையும் சேர்ந்தால் அங்கே நோ வருவது சகஜம். பெருவிரலால் எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே மெல்ல அழுத்திக்கொண்டு வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நோகிறதென்றால் பெரும்பாலும் பாரம் கூடியதால் வந்த அழற்சி, பயிற்சியைக் குறைத்தால் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனியளவு இடத்தில் தொட்டதும் முகம் சுளிக்கிறான் என்றால் அது எலும்பு வெடிப்பாக இருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் நோகிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றோடு ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்த எலும்பு நோகிறதும், குதிகாலின் பின்பக்கம் நோகிறதும் கிடுகிடுவென்று வளர்கிற வயதில் வருபவை. அவற்றுக்கும் பாரத்தைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். ஐஸ் வைத்துக் கட்டு கட்டி அடுத்த கோச்சிடம் அனுப்புவது வைத்தியமல்ல.

தலையில் அடிபட்டால் பேச்சுக்கே இடமில்லை. றக்பியில் மோதித் தலைசுற்றியவனை அன்றே திரும்ப இறக்கக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நடக்கிற தவறு அடுத்தது: றக்பிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, “கிரிக்கெட் தானே, ஃபீல்டிங்குக்கு நிக்கட்டும்” என்று விடுவது. அடிபட்டது மூளை, அது எந்த ஜெர்சி என்று பார்ப்பதில்லை. மற்ற கோச்சுக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் வீட்டுக்கும் அன்றிரவே தகவல் போக வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை எல்லா விளையாட்டும் நிறுத்தம், நீச்சலும் சேர்த்துத்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. வலைப்பந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டியும் சேர்ந்து ஓடுகிற பிள்ளைக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால், ‘நல்லா ஓடுறா, மெலிஞ்சிட்டா’ என்று சந்தோஷப்படக்கூடாது. செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளம், எலும்பையும் பலவீனமாக்கும். இதை ஒரு ஆண் கோச்சிடம் எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது. கேட்கக்கூடிய ஒரு ஆசிரியை அணியோடு இருக்க வேண்டும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: பாடசாலை விட்டதும் கன்டீனில் ஒரு ரோல்ஸும் சோடாவும் குடித்துவிட்டு இரண்டு பிராக்டிஸ் செய்ய முடியாது. வாழைப்பழமும் அவித்த கடலையும் பையில் இருக்கட்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை உலரவே உலராது, உடம்பு சூடு தணியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் இடைவேளை விட வேண்டும்.

“ஒன்றைத் தெரிவு செய்” என்று அவசரப்படுத்துவது

சிறு வயதில் முத்தையா முரளிதரன் மிதவேகப் பந்துவீச்சாளர். சுழல் பந்துக்கு மாறியது 14 வயதில்தான். ஒரே விளையாட்டுக்குள்ளேயே அந்த வயதில் ஆளை முடிவு செய்ய முடியாது என்றால், எந்த விளையாட்டு என்பதை எப்படி முடிவு செய்வது? சும்மா நவரத்தினம் கொழும்பு றோயல் கல்லூரியின் பழைய மாணவர். குறுந்தூர ஓட்டத்தில் நாட்டுக்காக ஓடினார், சி.ஆர். (சிலோனீஸ் றக்பி) கழகத்துக்காக றக்பி ஆடினார், பிறகு றக்பி கோச்சாகவும் இருந்தார். அவருடைய ஓட்டம் றக்பிக்குப் பயன்படவில்லை என்று யாராவது சொல்வார்களா?

15, 16 வயதுவரை ஒரே விளையாட்டில் முடங்காமல் இருப்பதே பெரும்பாலான விளையாட்டுகளுக்கு நல்லது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான கருத்து. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அதன் பிறகு ஒன்றைத் தெரிவு செய்வதானால் பிள்ளையும் வீடும் செய்யட்டும். மற்ற கோச்சைப் பற்றி அவனிடம் குறைவாகப் பேசி இழுப்பது கேவலமான வேலை.

கோச்மாரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. பல பாடசாலைகளில் அவர்கள் வெளியிலிருந்து பருவத்துக்கு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். சம்பளத்தில் பழைய மாணவர்களின் கையும் இருக்கும். தோற்றால் அடுத்த வருடம் வேறு ஆள். அப்படிப்பட்டவரிடம் தன் சிறந்த ஓட்டக்காரனை ஒரு நாள் விட்டுக்கொடு என்று கேட்டால் எப்படி விடுவார்? ஆகவே இதை அதிபர்தான் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: பல விளையாட்டு விளையாடும் பிள்ளைகளின் கிழமைக் கொப்பியைப் பார்த்துக் கையெழுத்திடுவது, ஓய்வு நாளை மதிப்பது, காயத் தகவலைப் பகிர்வது. அணியில் இல்லாத பழைய மாணவர் ஒருவர் எல்லைக் கோட்டில் நின்று “ஏன் அவனை எறக்கேல்ல?” என்று கத்தும்போது, கோச் அந்தத் தாளைக் காட்டலாம்.

சாதாரண தர, உயர்தரப் பரீட்சை வருடங்களில் இந்தக் கணக்கில் டியூஷனும் தூக்கமும் சேர வேண்டும். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலத் தூக்கம் தேவை. மாலை ஆறரைக்கு மைதானத்தை விட்டு, வெள்ளவத்தையில் எட்டரைவரை வகுப்பு, காலி வீதி நெரிசலில் பஸ், வீட்டில் குளிப்பு, சாப்பாடு, வீட்டுப்பாடம். அந்தப் பிள்ளையைக் காலை ஐந்தேமுக்காலுக்கு ஜிம்முக்கு வரச்சொல்வதற்கு முன் அவன் எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேளுங்கள். பதினொன்றரை என்றால் அன்றைக்கு ஜிம் வேண்டாம்.